படி என்றவர்கள் எப்படி என்று சொல்லவில்லை

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் நான் கணக்கிலும் அறிவியலிலும் தவறியபோது பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவின் கடைக்குப் போன் வந்தது. அப்பா, அம்மா இரண்டு பேருமே வர வேண்டும் என்றார்கள். அம்மா புதுப்பட்டினம் கடைத்தெருவில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தாள். நைனா மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் ஓட்டினார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். விடியும் முன்னே கிளம்பிப் போகிறவர், அன்று ஷிப்டை இன்னொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது அந்த மரியாதைதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"பாப்பாவுக்குப் படிப்பு வரலைங்க. அது தப்பு இல்ல. எல்லாருக்கும் எல்லாம் வராது. அடுத்த வருஷம் பத்தாவது, பப்ளிக் எக்ஸாம். இங்கயே இருந்து ஃபெயில் ஆனா அவளுக்குத்தான் கஷ்டம். டிசி தர்றோம், வேற எங்கயாவது சேத்துக்கங்க. இல்லன்னா டுடோரியல்ல போட்டு பிரைவேட்டா எழுத வைங்க."

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. அது எப்படி வருகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தவறிவிடுவார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் எழுதினால் நூறு வராமல் என்ன செய்யும்.

நைனா தலையை ஆட்டினார். "சரிங்க சார்" என்று சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டார். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சார், டிசில இன்னா காரணம்னு எழுதுவீங்க?"

"பெற்றோர் விருப்பத்தின் பேரில்னு எழுதுவோம்மா. அதான் வழக்கம்."

"எனக்கு அந்த மாதிரி விருப்பம் ஒண்ணும் இல்லியே சார்."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"விருப்பம் உங்களுக்குதான சார் கீது. அத எழுதுங்க. இந்தப் பொண்ணு ஃபெயிலாயிடும், எங்க ஸ்கூலு பேரு கெட்டுப் போயிடும், அதனால நாங்க அனுப்புறோம்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் அத செங்கல்பட்டுக்கு எடுத்துகினு போயி ஆபீஸர் கையில குடுத்துட்டு, அப்பால வேற ஸ்கூலு பாத்துக்கறேன்."

தலைமையாசிரியர் நைனாவின் பக்கம் திரும்பினார். ஆம்பளையிடம் பேசினால் வேலை முடியும் என்று நினைத்திருப்பார். "நீங்க சொல்லுங்க சார்" என்றார். நைனா, "அவ சொன்னா சொன்னதுதான் சார்" என்றார்.

அப்படி எழுதிக் கொடுக்க எந்தப் பள்ளிக்கும் கை வராது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தவறிய இரண்டு பாடத்துக்கும் எனக்கு மறுதேர்வு வைப்பார்கள். அதில் தேறினால் பத்தாம் வகுப்பு. தேறாவிட்டால் நாங்களே டிசி கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நைனா, "இன்னா இப்டி பேசிட்ட? கவர்மெண்ட் ஸ்கூலுக்கு இன்னா கொற? நான் அங்கதான படிச்சேன்" என்றார்.

"கொற ஒண்ணும் இல்ல. நாமளா போனா போறது. அவுங்க தொரத்தி எதுக்குப் போவணும்?" என்றாள் அம்மா. பிறகு வண்டியின் நடுவில் உட்கார்ந்திருந்த என் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது. நான் பேசிட்டு வந்துட்டேன்."

என்னைப் போலவே இன்னும் சில பிள்ளைகளின் பெற்றோரையும் அந்த வாரம் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் இரண்டாம் தடவை முழுசாகப் பாடிவிடுவாள். அவளுக்கு மூளை இல்லை என்று ஒரு மரியாதையான குரல் சொன்னதும், அவள் வீட்டில் நம்பிவிட்டார்கள்.

நானும் நம்பியிருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் படிக்காத பிள்ளை இல்லை. அதுதான் யாருக்கும் புரியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கடையில், துணி வெட்டும் பலகையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து இருட்டும்வரை படிப்பேன். சத்தமாக வாசிப்பேன். ஒவ்வொரு பதிலையும் பத்துத் தடவை எழுதுவேன். எங்கள் பள்ளி இங்கிலீஷ் மீடியம். "ஆர்ட்டரீஸ் கேரி பிளட் அவே ஃப்ரம் தி ஹார்ட்" என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஆர்ட்டரி என்றால் தமிழில் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றும் தோன்றியதில்லை. பரீட்சைத் தாளில் முதல் வார்த்தை ஞாபகம் வந்தால் மீதி வரும். முதல் வார்த்தை வராவிட்டால் பக்கம் காலி.

மார்க் குறைந்தபோதெல்லாம் ஆசிரியர்கள் சொன்னது ஒரே வார்த்தை. படி. நன்றாகப் படி. இன்னும் படி. நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். மேலும் எழுதினேன், மேலும் கத்தினேன், மேலும் குறைந்தது. இத்தனை செய்தும் வரவில்லை என்றால் குறை தலைக்குள்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். வேறு எந்த முடிவுக்கு வர முடியும் ஒரு பதினாலு வயதுப் பெண்ணால்?

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வகுப்பின் முதல் ரேங்க் பெண் கடைக்கு வந்தாள். அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பில் குடியிருக்கிறவள். அவள் அம்மாவின் ஜாக்கெட்டுகளை என் அம்மாதான் தைப்பாள். அன்று கொக்கி வைக்கிற வேலை பாக்கி இருந்ததால் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். நான் அறிவியல் கேள்வி ஒன்றுக்கு பதிலை ஏழாவதோ எட்டாவதோ தடவையாக எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பதிலை எதுக்கு இத்தனை தடவை எழுதற?"

"மனசுல நிக்கணும்ல."

"புக்கைப் பாத்துதானே எழுதற?"

"பின்ன?"

"பாத்து எழுதினா கைக்குத்தான் வலிக்கும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே வியப்பாக இருந்தது. "நான் ஒரு தடவை படிப்பேன். அப்புறம் புக்கை மூடிட்டு என்ன ஞாபகம் இருக்கோ அதை எழுதிப் பாப்பேன். எது வரலையோ அதை மட்டும் திரும்பப் படிப்பேன். வந்ததை எதுக்கு மறுபடி படிக்கணும்?"

"கணக்கு?"

"கணக்கும் அப்படித்தான். புக்குல போட்டிருக்கிற கணக்கோட விடையை மறைச்சிட்டு நாமளே போட்டுப் பாக்கணும். நின்னா ஒரு வரி மட்டும் திறந்து பாக்கணும். அப்புறம் மறுபடி மூடிடணும்."

"இத யாரு உனக்குச் சொன்னாங்க?"

"எங்கப்பா. மூணாவதுல இருந்து தினமும் சாயந்திரம் என்கூட உக்காருவார்."

ஜாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. இவ்வளவுதானா என்கிற கோபம். இந்த நாலு வாக்கியத்தை ஒன்பது வருடத்தில் ஒரு ஆசிரியர் எனக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு பீரியட் கூட ஆகாது. அவளுக்கும் எனக்கும் இடையில் இருந்த அந்தப் பெரிய தூரத்தை எல்லோரும் மூளை என்று சொன்னார்கள். அதில் பாதி, சாயங்காலம் வீட்டில் இருக்கிற ஒரு அப்பா. என் நைனா சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு வந்து சேரும்போது சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. ரேங்க் போடும்போது இதையெல்லாம் யாரும் கழித்துவிட்டுப் போடுவதில்லை.

மறுநாள் காலையில் அவள் சொன்னபடி செய்து பார்த்தேன். இதயம் பற்றிய பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். இரண்டு வரி எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நூறு தடவை சத்தம் போட்டுச் சொன்ன பாடம் அது. அவமானமாக இருந்தது. பத்துத் தடவை எழுதுவது எவ்வளவு சுகமான வேலை என்று அப்போதுதான் புரிந்தது. நமக்குத் தெரியாது என்பதே அதில் நமக்குத் தெரியவராது.

திரும்பப் படித்தேன், மூடினேன். மூன்று வரி. இங்கிலீஷ்தான் தடுக்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வாக்கியம் ஞாபகம் வந்தால்தானே எழுத. விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதே. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் பார்த்தேன். பார்த்ததை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கடையில் அம்மாவைத் தவிர ஆள் இல்லை.

"ம்மா, நெஞ்சுல நாலு ரூமு கீதாம்மா. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"சொல்லு" என்றாள், தையல் மிஷினை நிறுத்தாமல்.

"அழுக்கு ரத்தம் ஒரு பக்கம் வருமாம். அங்கேர்ந்து நுரையீரலுக்குப் போயி சுத்தமாயி, இன்னொரு பக்கமா திரும்ப வருமாம். அப்பால ஒடம்பு பூரா போவுமாம்."

மிஷின் நின்றது. "ரெண்டும் ஒரே எடத்துல தான கீது? கலந்துக்காதா?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்று போட்டிருந்தது. அந்த வரியையும் நான் நூறு தடவை கத்தியிருக்கிறேன். அது ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறது என்பதே தெரியாமல். "நடுவுல செவுரு கீதும்மா" என்றேன். "அப்ப சரி" என்று மிஷினை மறுபடி ஓட்டினாள்.

அந்த மே மாதம் முழுக்க அப்படித்தான் போனது. அம்மாவுக்குப் பாடம் கேட்பதில் ஒரு ஆசையும் கிடையாது. பல நேரம் தூக்கக் கலக்கத்தில் "உம்" கொட்டுவாள். சில நாள், "சும்மா இரேன், தல வலிக்குது, பேஜாரு பண்ணாத" என்பாள். அப்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொல்வேன். துணி எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஜாடையில் கேட்பார்கள், பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று. அம்மா, "பரிச்ச" என்பாள்.

கணக்குக்கு, ஜாக்கெட் கழுத்து வரைய வெட்டி வைத்திருந்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கின் விடையை அட்டையால் மூடுவேன். நின்றால் ஒரு வரி இறக்குவேன். முதல் வாரம் அட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. காரணிப்படுத்தும் கணக்குகளில் எப்போதும் ஒரே இடத்தில்தான் நின்றேன். கழித்தல் குறி அடைப்புக்குள்ளே போகும்போது எல்லாக் குறியும் மாறும் என்பதை நான் ஆறாம் வகுப்பிலேயே கோட்டை விட்டிருந்தேன். அந்த ஒரு ஓட்டை வழியாக மூன்று வருடக் கணக்கு ஒழுகிப் போயிருக்கிறது. என் தாளில் எத்தனையோ தடவை சிவப்பில் பெருக்கல் குறி போட்டார்கள். எல்லாப் பெருக்கல் குறியும் ஒரே தப்பின் மேல்தான் விழுகிறது என்று ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

ஜூனில் மறுதேர்வு வந்தது. காலி வகுப்பறை ஒன்றில் முதல் பெஞ்சில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். மற்ற பிள்ளைகள்தான் போய்விட்டார்களே. அறிவியலைப் புத்தகத்து வார்த்தையில் எழுதாமல் எனக்கு வந்த இங்கிலீஷில் எழுதினேன். அதற்கு மார்க் குறைத்தார்கள். ஆனாலும் தேறினேன். கணக்கில் எழுபத்தொன்று.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கணக்கு சார் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தாள் அவர் கையில் இருந்தது.

"கேள்வி எப்படி முன்னாடியே கிடைச்சது?"

எனக்குப் புரியவில்லை. "இன்னா சார்?"

"ஏப்ரல்ல பத்தொன்பது. இப்ப எழுபத்தொன்னு. ரெண்டு மாசத்துல யாருக்கும் இப்படி வராது. உங்கம்மா கடையில நம்ம டீச்சர்ஸ் எல்லாரும் துணி குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்."

பத்தொன்பது வாங்கியபோது அந்தத் தாளை யாரும் சந்தேகப்படவில்லை. அது என் அறிவின் அளவு, முத்திரை குத்தியாயிற்று. எழுபத்தொன்று வாங்கியதும் அது திருட்டு. அன்றைக்கு அந்த அறையில் நின்றபடி எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. மார்க்கை வைத்து அவர்கள் என்னை எடை போடவில்லை. என்னை முதலிலேயே எடை போட்டுவிட்டார்கள். அதற்குப் பொருந்துகிற மார்க்கை மட்டும்தான் நம்புவார்கள்.

அழுதுகொண்டே வெளியே ஓடியிருக்க வேண்டிய வயது. ஏனோ அழுகை வரவில்லை.

"வேற கேள்வி குடுங்க சார். இங்கயே எழுதறேன்."

"திமிரா?"

"இல்ல சார். நீங்களே இப்ப யோசிச்சுக் குடுங்க. யாராண்டயும் கேக்க முடியாதில்ல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழம்மா, "குடுத்துத்தான் பாருங்களேன் சார்" என்றார். சார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் விறுவிறு என்று ஐந்து கணக்கு எழுதினார். எனக்கு நாற்காலி தரவில்லை. மேசையின் ஓரத்தில், யாரோ திறந்து வைத்த சாம்பார் டப்பாவுக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே எழுதினேன். நாலு கணக்கு போட்டேன். ஐந்தாவது எனக்கு வரவில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்தது, ஆனால் அதற்கு மேல் போக முடியவில்லை. அந்த வரியோடு விட்டுவிட்டுத் தாளை நீட்டினேன்.

அவர் சிவப்புப் பேனாவோடு பார்த்தார். ஒரு இடத்தில் பேனா நின்றது, பிறகு நகர்ந்தது. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, போ."

நான் போகவில்லை. "பாஸா சார்?"

"போன்னு சொன்னேன்ல."

"பாஸுன்னு சொன்னா போறேன் சார்."

தமிழம்மா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "பாஸ்" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பில் அந்த வருடம் எங்களை மகாபலிபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். பிறந்ததிலிருந்து அங்கே போய்வருகிற பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ரதங்களைக் காட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையில் விட்டார்கள். முதல் ரேங்க் பெண் தண்ணீருக்குப் போகாமல் மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகள் ஆகியிருந்தோம்.

"உனக்குப் பரீட்சைக்கு முன்னாடி வயிறு வலிக்குமா?" என்று கேட்டாள்.

"பசிக்கும்" என்றேன்.

"எனக்கு வலிக்கும். வாந்தி வரும். எங்கப்பா பேப்பரை வாங்கிப் பாத்தா, தொண்ணூத்தெட்டுன்னா மீதி ரெண்டு எங்கேன்னுதான் கேப்பார். தொண்ணூத்தெட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார்." மணலைத் தோண்டியபடியே சொன்னாள். "நீ ஸ்டாஃப் ரூம்ல நின்னு எழுதினியாமே. எனக்கு அந்தத் தைரியம் வராது. அவ்ளோ பேர் முன்னாடி ஒரு கணக்கு வரலைன்னா நான் செத்தே போயிருப்பேன்."

நான் ஒரு கணக்கை விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். விட்டுவிட்டு வரலாம் என்பதே அவளுக்குத் தெரியாத விஷயமாக இருந்தது.

பொதுத்தேர்வில் நான் ஐந்நூற்றுக்கு முந்நூற்று எண்பத்திரண்டு வாங்கினேன். அவள் பள்ளியிலேயே முதல். பள்ளி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அவள் படமும் அடுத்த இரண்டு பேரின் படமும் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி. அம்மா கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த நூறுல நீயும் கீற இல்ல?"

"கீறேம்மா."

"அப்ப சரி" என்று நடந்தாள்.

எனக்குச் சரியாக இல்லை. அந்த நூறில் இல்லாதவர்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். என் இடப்பக்கத்துப் பெண் அப்போது கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புடவையின் பெயரும் ரகமும் நிறமும் ஒன்று விடாமல் சொல்வாள். அவளுக்குப் படிப்பு வராது என்று கண்டுபிடித்தவர் யார்? அவளிடம் ஒரு தடவையாவது புத்தகத்தை மூடச் சொன்னார்களா?

நான் பன்னிரண்டாவது முடித்து, லேப் டெக்னீஷியன் படித்து, செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புதுப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்தக் கணக்கு சார் சர்க்கரை பார்க்க வந்தார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. கையைக் கட்டி நரம்பு தேடும்போது பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊர்மா?"

சொன்னேன். எந்தப் பள்ளி என்று கேட்டார். அதையும் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஸ்கூலா? நல்லாப் படிக்கிற பொண்ணா இருந்திருப்ப."

"இல்ல சார். ஒன்பதாவதுல என்னை டிசி வாங்கிக்கச் சொன்னாங்க. ரீடெஸ்ட்ல எழுபத்தொன்னு வாங்கினப்ப, கேள்வி எப்படி முன்னாடியே கிடைச்சதுன்னு நீங்க கேட்டீங்க."

ஊசி அவர் கை நரம்பில் குத்தியிருந்தது. ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

"எனக்கு இருக்கு சார். பஞ்சை அழுத்திப் புடிச்சுக்கங்க. ரிப்போர்ட் சாயந்திரம் வந்துரும்."

சொன்னது சரியா என்று வீட்டில் நைனா கேட்டார். வயசான மனுஷனிடம் அப்படிப் பேசலாமா என்றார். பேசலாம் என்றேன். நான் கத்தவில்லை, நரம்பைத் தவறவிடவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் பள்ளி ஆண்டு விழாக்களில் மேடை ஏறுகிறவர்கள் மார்க் முக்கியமில்லை என்று பேசுகிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. எனக்கு அந்தப் பேச்சும் பிடிக்காது. நல்ல மார்க் வாங்கி நல்ல இடத்தில் உட்கார்ந்த பிறகு அப்படிப் பேசுவது சுலபம். நாலு மார்க் குறைந்ததால் எனக்கு நர்சிங் சீட் கிடைக்கவில்லை. மார்க் கதவைத் திறக்கும், கதவை மூடும். அது நிஜம். ஆனால் அது என் தலைக்குள் இருப்பதை அளந்து சொன்ன கணக்கு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்தொன்பது வாங்கியதும் நான்தான், எழுபத்தொன்று வாங்கியதும் நான்தான். நடுவில் இருந்தது ஒரு மே மாதமும் ஒரு அட்டையும். மூளையை யாரும் மாற்றிவைக்கவில்லை.

போன வருடம் தபால் வழியில் ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவத்தில் ஒரு பேப்பரில் தவறிவிட்டேன். முப்பது வயதுக்கு மேல் ஃபெயிலா என்று கூட வேலை பார்க்கிறவள் எனக்காக வருத்தப்பட்டாள். நான் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டேன். பிறகு அந்தப் பேப்பரில் எந்த அத்தியாயத்தில் நின்றேன் என்று பார்த்தேன். இரண்டு அத்தியாயம். மற்றவை வந்திருந்தன. மறுபடி எழுத விண்ணப்பம் போட்டேன்.

இந்த வாரம் முழுக்க அந்த இரண்டு அத்தியாயம்தான். நேற்றுக் காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றத்தில் ஒரு அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் காய்கறிக் கூடை. நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். காதில் போன் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை.

"யாராண்ட பேசினு வர?"

"என்னாண்டதான்க்கா. எனக்கு இன்னா தெரியும்னு கேட்டுகினு கீறேன்."

"தெரியுதா?"

"பாதி தெரியுது."

அவர் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். நான் புத்தகத்தைத் திறந்து, வராத பாதியைப் படிக்க ஆரம்பித்தேன்.